எட்டாவது சுவிட்ச்

தொண்ணூற்று மூன்றில் பிறந்த மொன்ட்டேரோ.
கொய்யாய்க்கே ஊரில் அதற்குப் பெயர்
பல் டாக்டரம்மா வண்டி.
நான் டாக்டர் இல்லை,
பல் செட் செய்கிறவள்.
பகலில் ரோஜா நிற ஈறுகள்,
இரவில் துருவேறிய சேஸிஸ்.
இரண்டுக்கும் ஒரே அரம்தான்.
வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் இரண்டங்குலம் உயர்த்தினேன்.
ஸ்பிரிங்கை அமுக்கியிருந்த கவ்வி
கொஞ்சம் வழுக்கியிருந்தால்
அடுத்த செட் எனக்கேதான்.
பின்சீட்டைக் கழற்றிவிட்டு
லெங்கா மரத்தில் கட்டில், அடியில் இழுப்பறை.
அளவெடுத்தது கோடையில்,
பலகை ஊதியது மழையில்.
இப்போது அதற்கு மனசிருந்தால் திறக்கும்,
இல்லாவிட்டால் உதைத்தால் திறக்கும்.
இன்ஜின் மூச்சுவிட
வீட்டுக்கூரையின் மழைநீர்க் குழாய்.
"கல்யாண வீட்டுக்கு இதில் போகாதே, ஒத்திலியா"
என்றான் பக்கத்து வீட்டு நிபால்தோ.
ஆறு அழகு பார்ப்பதில்லை என்றேன்.

பிறகு டாஷ்போர்டைத் திறந்தேன்.
உள்ளே இருந்தான்
எனக்கு முன் இதை வைத்திருந்தவன்.

பத்திரத்தில் பெயர் மட்டும்:
ஹெராக்லியோ பர்ரியா, புவெர்த்தோ சிஸ்னெஸ்.
முகம் தெரியாது. கை தெரியும்.
சிவப்பு ஒயர் தீர்ந்த இடத்தில் பச்சை,
பச்சை தீர்ந்த இடத்தில் டெலிபோன் ஒயர்.
ஃபியூஸ் இருக்கவேண்டிய பள்ளத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.
எரிந்து சாம்பலாகாமல் இருந்தது
யார் செய்த புண்ணியமோ.
மூன்று ராத்திரி அவனைத் திட்டினேன்,
திட்டத் திட்டப் பழகிப்போனான்.
ஓரிரு இடங்களில் மட்டும்
சாலிடர் முத்துப்போல உட்கார்ந்திருக்கும்;
அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்திருப்பான்.

ஏழு சுவிட்சுகளைத் துரத்திப் போனேன்.
பனி விளக்கு, கூரை விளக்கு,
எப்போதோ செத்துப்போன ஒரு ஹாரன்,
எல்லாவற்றுக்கும் முடிவு கண்டேன்.

எட்டாவது,
பக்கத்து சீட்டுக்கு முன்னால்
முழங்காலுக்கும் கீழே,
சிவப்பு மூடி போட்டது.
அதன் ஒயர் கம்பளத்துக்கு அடியில் ஓடி
கவ்விகளில் ஒழுங்காகப் படிந்து
கதவுத் தூணில் ஏறி
ரப்பர் வளையம் வைத்த ஓட்டையில் நுழைகிறது
(வண்டி முழுக்க ரப்பர் வைத்த ஓட்டை இது ஒன்றுதான்),
நுழைந்து, சாம்பல் டேப்பில் சுற்றப்பட்டு
நின்றுவிடுகிறது.
அறுந்ததில்லை. யாரும் வெட்டியதில்லை.
அங்கேயே முடியட்டும் என்று முடித்தது.

மீட்டர் வைத்தேன். முள் அசையவில்லை.
பேட்டரிப் பக்கமும் ஒன்றுமில்லை.
மண்டை காய்ந்து தரையில் மல்லாந்தபோதுதான்
மூடிக்குக் கீழே கண்ணில் பட்டது,
ஊதா நெயில்பாலிஷில்
சாய்ந்து சாய்ந்து விழும் எழுத்துகள்:
பறக்க.

அதற்குக் கீழே பேனாவில்,
பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதே கை:
பாலங்களில் மட்டும்.

எவ்வளவு நேரம் பேரம் நடந்ததோ.

ஃபிரிட்ஜுக்கு ஒயர் இழுக்க
அந்த ஓட்டைதான் தோதாக இருந்தது.
பக்கத்தில் வேறொன்று போட்டேன்.
ரப்பர் வாங்க மறந்துவிட்டது.
அடுத்து வாங்குகிறவர்
என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை மூவாயிரம் பெசோவுக்கு
ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு
தெற்கே கிளம்பினேன்.
இழுப்பறை வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தது.
இபாஞ்ஞெஸ் ஆற்றுப் பாலத்தில்
பலகைகள் கடகடக்க,
கீழே பால் கலந்த பச்சைத் தண்ணீர்.
நடுப்பாலத்தில் வேகம் குறைத்து
வலது கையை நீட்டிப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் சாய்ந்து பார்த்தேன்.

எட்டவில்லை.
ஓட்டுகிறவருக்கு எட்டாத இடத்தில்
அளந்து வைத்திருக்கிறான்.